கைத்திறனும் வாய்ச்சொல்லும்

(இரண்டாம் ஆண்டு விலங்கியல் மாணவன்)

சென்ற ஆண்டு ஐப்பசித் திங்களில் என் தந்தையாரின் வலது காலில் இரண்டு விரல்களை அறுவை செய்து எடுத்தார்கள். அவர் கைத்தறி நெசவாளர். குழித்தறியில் அமர்ந்து நாள் முழுவதும் வெறுங்காலால் மிதிகட்டையை மிதிப்பவர். நீரிழிவு நோயினால் காலில் உணர்ச்சி குறைந்திருந்தது. சுண்டுவிரல் ஓரத்தில் தோன்றிய கொப்புளம் புண்ணாகி, புண் கறுத்து, நாற்றம் எடுத்த பிறகே எங்களுக்குத் தெரிய வந்தது.

மருத்துவமனையில் அறுவை மருத்துவர் காலைப் பார்த்தார். அவர் அறைக்கு வெளியே ஐம்பது பேராவது காத்திருந்தார்கள். "டிப்ரைட்மெண்ட் பண்ணணும். எலும்பு வரைக்கும் போயிருந்தா ரே ஆம்புட்டேஷன் தேவைப்படலாம்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ காலேஜ் படிக்கிற பையன்தானே? அப்பாவுக்குச் சொல்லிடு" என்றார். எனக்கு முதற்சொல்லும் விளங்கவில்லை, அடுத்ததும் விளங்கவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். புரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தலையை ஆட்டினேன். நீட்டிய படிவத்தில் கையெழுத்தும் போட்டேன். அப்பாவிடம், "புண்ணைச் சுத்தம் பண்ணப் போறாங்கப்பா" என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்துக் கட்டைப் பிரித்தபோது அவர் தம் காலைப் பார்த்தார். செவிலியர் போகும் வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, "யாரைக் கேட்டுடா வெரலை எடுத்தாங்க?" என்றார். என்னைக் கேட்டுத்தான் எடுத்தார்கள். அதை அன்று நான் அவரிடம் சொல்லவில்லை.

இங்கே ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். அந்த மருத்துவரின் கைவேலையில் குறை சொல்ல எதுவுமில்லை. புண் நன்றாக ஆறிற்று, பாதம் தப்பிற்று. விரல்களை எடுக்காவிட்டால் கணுக்கால் வரை போயிருக்கும் என்று பிறகு அறிந்தேன். இவ்வளவு நுட்பமான கை ஒருவருக்கு எப்படி வாய்க்கிறது? அந்தக் கைக்கு உள்ள பயிற்சி அவர் சொல்லுக்கு ஏன் இல்லாமற் போயிற்று? இவ்விரண்டு கேள்விகளும் என்னை விடவில்லை. நூலகத்திலும் கைப்பேசியிலும் பல மாதங்கள் தேடிப் படித்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

எங்கள் விலங்கியல் செய்முறை வகுப்பில் இப்போது தவளையை அறுப்பதில்லை. வரைபடமும் மாதிரி உருவமும் கணிப்பொறித் திரையுமே எங்களுக்குத் தவளை. 'பொம்மையைப் பார்த்தா தொழில் கற்பது?' என்று பழைய மாணவர்கள் கேலி செய்வதுண்டு. ஆனால் பொம்மையில் பழகுவது நேற்று வந்த வழக்கமன்று. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டதாகக் கருதப்படும் சுசுருத சங்கிதையின் முதற் பகுதியில் 9 ஆம் அத்தியாயம் முழுவதும் இதைப் பற்றியதே. பூசணி, சுரை, வெள்ளரி முதலிய காய்களில் வெட்டிப் பழக வேண்டும். இறந்த விலங்கின் இரத்தக் குழாயிலும் தாமரைத் தண்டிலும் குத்திப் பழக வேண்டும். மயிரோடு கூடிய தோலை இழுத்துக் கட்டி அதிற் சுரண்டிப் பழக வேண்டும். பூச்சி அரித்த மரத்துளையில் கோலை விட்டு ஆழம் பார்க்க வேண்டும். துணியிலும் மெல்லிய தோலிலும் தையல் போட வேண்டும். ஆள் அளவுக்குத் துணிப்பொம்மை செய்து அதன் கை கால்களிற் கட்டுக் கட்டிப் பழக வேண்டும். நூலை எவ்வளவு கற்றவனானாலும் இப்பழக்கம் இல்லாதவன் தொழிலுக்கு உதவான் என்கிறது அந்நூல்.

அடுத்த அத்தியாயம், தொழில் செய்யப் புறப்படும் மருத்துவன் எப்படி இருக்க வேண்டும் என்பது. நகம் வெட்டி, தூய வெள்ளாடை உடுத்து, இனிய சொற்களைப் பேசுபவனாக இருக்க வேண்டும் என்று சொல்கிறது. இதைப் படித்தபோது எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. வெட்டுவதற்குப் பூசணிக்காய் கொடுத்த சுசுருதர், இனிய சொல்லைப் பழக எந்தக் காயையும் கொடுக்கவில்லை. இருக்க வேண்டும் என்றதோடு நிறுத்திக்கொண்டார். அவருக்குப் பின் வந்தவர்களும் மிக நெடுங்காலம் அவ்வாறே நிறுத்திக்கொண்டார்கள்.

மயக்க மருந்து இல்லாத காலத்தில் அறுவை மருத்துவரின் பெருமை அவருடைய வேகம்தான். இலண்டனில் இராபர்ட் லிஸ்டன் என்பவர் மூன்று நிமிடத்துக்குள் ஒரு காலை எடுத்துவிடுவார் என்று பெயர் பெற்றிருந்தார். நோயாளி விழித்திருப்பார், நான்கு பேர் அமுக்கிப் பிடித்திருப்பார்கள். 1846 அக்டோபர் 16 இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஈதர் ஆவியைக் கொண்டு நோயாளியை மயக்கி அறுவை செய்து காட்டினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் லிஸ்டனும் அதைக் கையாண்டார். அன்று முதல் மருத்துவருக்கு நேரம் கிடைத்தது. மெல்ல, நுட்பமாக வேலை செய்ய முடிந்தது. ஆனால் நோயாளி தூங்கிவிட்டார். அவரிடம் பேச வேண்டியவற்றை எல்லாம் தூங்குவதற்கு முன்பே பேசிவிட வேண்டும் என்ற கடமையும் அன்றே பிறந்தது என்பது என் எண்ணம். அந்தக் கடமையை எவரும் பாடமாக வைக்கவில்லை.

கையைப் பழக்குவதை ஓர் ஒழுங்கான கல்வியாக ஆக்கியவர் வில்லியம் ஹால்ஸ்டெட். பால்டிமோரில் 1889 இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அவர் தலைமை அறுவை மருத்துவராக இருந்தார். பட்டம் பெற்ற இளம் மருத்துவர் மருத்துவமனையிலேயே பல ஆண்டுகள் தங்க வேண்டும். முதலிற் பார்க்க வேண்டும். பிறகு உதவ வேண்டும். பொறுப்பு படிப்படியாகக் கூடிக் கடைசியில் தாமே செய்ய வேண்டும். இந்த முறையைப் பற்றி 1904 இல் யேல் பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய உரை புகழ் பெற்றது. இன்று உலகெங்கும் அறுவை மருத்துவ மேற்படிப்பு இம்முறையின் வழியிலேயே நடக்கிறது. தறிக்குழியின் ஓரத்தில் உட்கார்ந்து நூல் சுற்றிக் கொடுத்து, பிறகு இழை எடுத்துக் கொடுத்து, கடைசியில் நாடாவைக் கையில் வாங்கிய எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது புதிதன்று. குருவின் அருகிலிருந்து கற்கும் எல்லாத் தொழிலுக்கும் இதே வழிதான்.

தறி என்றதும் இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். 1894 இல் பிரான்ஸ் நாட்டின் குடியரசுத் தலைவர் சாதி கார்னோ, லியோன் நகரில் கத்திக் குத்துக்கு ஆளாகி இறந்தார். பெரிய இரத்தக் குழாய் அறுந்திருந்தது. அதைத் தைக்க அக்காலத்தில் எவருக்கும் தெரியாது. அந்நகரில் மருத்துவம் பயின்று வந்த அலெக்சி கேரல் என்ற இளைஞர் இதைக் கேட்டு, தைக்கக் கற்றே தீருவது என்று துணிந்தார். எங்கே போனார் தெரியுமா? பட்டு நெசவுக்குப் பேர்போன அந்த ஊரில் பூத்தையல் செய்யும் ஓர் அம்மையாரிடம் போனார். மிக நுண்ணிய ஊசியையும் நூலையும் கையாள அவரிடம் பழகினார். 1902 இல் இரத்தக் குழாய்களை முனையோடு முனை சேர்த்துத் தைக்கும் முறையை வெளியிட்டார். வெட்டுண்ட வாயில் மூன்று இடத்தில் தையலிட்டு இழுத்தால் வட்டமான வாய் முக்கோணம் ஆகிவிடும். நேரான மூன்று பக்கங்களைத் தைப்பது எளிது. 1912 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதை நான் என் தந்தையாரிடம் சொன்னேன். தீர்ந்துபோகும் பாவின் ஒவ்வோர் இழையோடும் புதுப் பாவின் இழையை விரலால் முறுக்கிப் பிணைப்பவர் அவர். விரலை எடுத்த பிறகு அவர் முகத்தில் நான் கண்ட முதற்சிரிப்பு அன்றுதான்.

நிற்க. 1980 களின் பிற்பகுதியில் வயிற்றைப் பெரிதாகத் திறக்காமல், சிறு துளைகள் இட்டு, கேமராவை உள்ளே விட்டு, தொலைக்காட்சித் திரையைப் பார்த்தபடியே பித்தப்பையை எடுக்கும் முறை வந்தது. நோயாளிக்கு நோவு குறைவு. சில நாட்களில் வீடு திரும்பலாம். ஆனால் மருத்துவருக்கோ பழைய பழக்கம் அத்தனையும் தலைகீழ். வயிற்றுச் சுவர் ஒரு தாங்குபுள்ளி ஆகிவிடுவதால், கையை வலப்புறம் அசைத்தால் கருவியின் முனை உள்ளே இடப்புறம் போகும். திரையில் ஆழம் தெரியாது. வார இறுதியில் நடக்கும் குறுகிய வகுப்பிற் கற்றுக்கொண்டு வந்து தொடங்கியவர்கள் பலர். விளைவாக, தொடக்க ஆண்டுகளில் பித்தநாளம் வெட்டுப்பட்ட நோயாளிகள் அதிகமானார்கள். பட்டமும் அனுபவமும் உள்ளவர்களே ஆயினும் புதுக் கருவிக்குப் புதுப் பழக்கம் வேண்டும் என்பது இந்தப் பாடம்.

அதன் பின் பயிற்சிப் பெட்டி வந்தது. ஒரு பெட்டிக்குள் முளைகள் நட்டிருக்கும். இடக்கைக் கருவியால் சிறு பொருளை எடுத்து, அந்தரத்திலேயே வலக்கைக் கருவிக்கு மாற்றி, எதிர்ப்புற முளையில் மாட்ட வேண்டும். ஆறு பொருள்கள், போய்த் திரும்ப வேண்டும், கடிகாரம் ஓடும். கேட்கச் சிறு பிள்ளை விளையாட்டுப் போலத் தோன்றும். கணிப்பொறி வழியான பயிற்சியும் இருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் 16 பயிற்சி மருத்துவர்களை இரு பிரிவாக்கிச் சோதித்து 2002 இல் முடிவை வெளியிட்டார்கள். கணிப்பொறியிற் பழகியவர்கள் பித்தப்பையை உடலிலிருந்து பிரித்தெடுக்க எடுத்துக்கொண்ட நேரம் 29 விழுக்காடு குறைவு. பழகாதவர்கள் செய்த பிழைகளோ ஆறு மடங்கு. சுசுருதரின் பூசணிக்காய் வென்றது என்றே சொல்ல வேண்டும்.

கைத்திறனை அளக்கவும் அளவுகோல் உண்டு. கனடாவின் டொராண்டோவில் 1990 களில் ஒரு தேர்வு முறையை வகுத்தார்கள். மாணவர் மாதிரி உறுப்பில் வேலை செய்வார். தேர்வாளர் அருகில் நின்று ஏழு தலைப்புகளில் ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இடுவார். கருவியைப் பிடிக்கும் விதம், வீண் அசைவின்மை, உதவியாளரைப் பயன்படுத்தும் விதம் முதலியன அத்தலைப்புகள். திசுவுக்குக் காட்டும் மரியாதை என்பது அவற்றுள் முதலாவது. தசையை நசுக்காமல், இழுக்காமல், மெல்லத் தொடுவதையே அப்படிச் சொல்கிறார்கள். அந்தச் சொல்லை நான் மூன்று முறை படித்தேன். திசுவுக்கே மரியாதை உண்டென்றால் அதை உடையவருக்கும் ஒரு மதிப்பெண் இருக்கத்தானே வேண்டும்?

இருக்கிறது. ஆனால் அது வந்த கதை வேறு.

2005 மார்ச்சில் இங்கிலாந்தில் மார்ட்டின் பிரோமிலி என்ற விமான ஓட்டியின் மனைவி, மூக்கின் உட்புறத்தில் எளிய அறுவைக்காக மருத்துவமனைக்குச் சென்றார். மயக்க மருந்து கொடுத்த பின் மூச்சுக்குழல் அடைபட்டது. அனுபவம் மிக்க மருத்துவர்கள் மூவர் குழாயைச் செலுத்த மீண்டும் மீண்டும் முயன்றார்கள். இரத்தத்தில் பிராணவாயு குறைந்துகொண்டே போயிற்று. ஒரு செவிலியர், கழுத்தில் துளையிட்டு மூச்சு விட வைக்கும் கருவிகளைக் கொண்டுவந்து, 'ஆயத்தமாக இருக்கிறது' என்று சொன்னார். எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கைக்குச் சொல்லிவிட்டு வந்தார். மருத்துவர்களின் முகத்தைக் கண்டு, மிகையாகச் செய்துவிட்டோமோ என்று அதை இரத்துச் செய்தார். அந்த அம்மையார் நினைவு திரும்பாமலே 13 நாட்களுக்குப் பின் இறந்தார். செய்ய வேண்டியது என்ன என்பது அந்த அறைக்குள்ளேயே சிலருக்குத் தெரிந்திருந்தது. உரத்துச் சொல்லவும் கேட்கவும் வழியில்லை. விமானத்தில் துணை ஓட்டி தலைமை ஓட்டியைத் தடுத்துச் சொல்லப் பயிற்சி பெறுகிறார். அறுவைக் கூடத்தில் ஏன் இல்லை என்று பிரோமிலி கேட்டார். 2007 இல் இதற்கென ஓர் அமைப்பையே தொடங்கினார். பழி வாங்க அவர் புறப்படவில்லை என்பதை இங்கே குறிப்பிட வேண்டும்.

ஏறக்குறைய அதே காலத்தில் ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழக உளவியலாளர்களும் அறுவை மருத்துவர்களும் சேர்ந்து, கத்தியைச் சாராத திறன்களை நான்காகப் பிரித்து மதிப்பெண் இடும் முறையை வகுத்தார்கள். சுற்றிலும் நடப்பதை அறிதல், முடிவெடுத்தல், பேச்சும் கூட்டுப் பணியும், தலைமை என்பன அவை. 2008 இல் உலக சுகாதார நிறுவனம் 19 குறிப்புகள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டது. மயக்கம் கொடுப்பதற்கு முன், கத்தி வைப்பதற்கு முன், அறையை விட்டுப் போவதற்கு முன் என மூன்று முறை நின்று பேச வேண்டும். அறையிலுள்ளோர் தத்தம் பெயரையும் பணியையும் சொல்ல வேண்டும் என்பதும் அதில் ஒன்று. புது தில்லி உட்பட எட்டு நகரங்களில் இதைச் சோதித்தார்கள். இறப்பு 100 க்கு 1.5 என்பதிலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11 இலிருந்து 7 ஆகவும் குறைந்தன. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் எல்லா மருத்துவமனைகளும் இதைக் கட்டாயமாக்கிய பின் 101 மருத்துவமனைகளின் கணக்கைப் பார்த்தபோது அத்தகைய குறைவு தென்படவில்லை என்று 2014 இல் எழுதினார்கள். பேசாமலே பேனாவால் குறியிட்டுவிட்டுப் போனால் பட்டியல் என்ன செய்யும்? செய்முறை ஏட்டில் முடிவை முன்கூட்டியே எழுதிவிடும் நம் வழக்கம் என் நினைவுக்கு வந்தது. (ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க.)

இதெல்லாம் மருத்துவர்கள் தமக்குள் பேசுவது. நோயாளியிடம் பேசுவது எப்படி? இங்கேதான் நான் தேடிய பூசணிக்காய் கிடைத்தது. அமெரிக்காவில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் 1963 இல், நலமாக இருக்கும் ஒருவரை நோயாளி போல நடிக்கப் பழக்கி மாணவர் முன் உட்கார வைத்தார். மாணவர் பேசிப் பார்க்கலாம். தவறினால் மீண்டும் தொடங்கலாம். யாருக்கும் தீங்கு இல்லை. நடிப்பவர் பிறகு, 'நீங்கள் சொன்னது எனக்கு விளங்கவில்லை, என் முகத்தை நீங்கள் பார்க்கவே இல்லை' என்று சொல்வார். முதலில் இதைக் கூத்து என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. 1975 இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன், மாணவர்கள் மேசை மேசையாகச் சென்று ஒவ்வொன்றிலும் ஒரு திறனைக் காட்டும் தேர்வு முறையை அறிமுகம் செய்தார். இன்று அத்தகைய தேர்வுகளில் ஒரு மேசையில் கட்டுப் போட வேண்டும். மற்றொன்றில் கெட்ட செய்தியைச் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் மதிப்பெண் உண்டு.

இன்னொரு சோதனை வியப்பானது. அறுவை மருத்துவர்கள் நோயாளிகளிடம் பேசியதைப் பதிவு செய்து, பத்து நொடித் துண்டுகளாக்கி, சொற்கள் விளங்காதவாறு ஒலியை மங்கச் செய்தார்கள். குரலின் ஏற்ற இறக்கம் மட்டும் கேட்கும். அதைக் கேட்டவர்கள், எந்தக் குரலில் அதிகாரம் மிகுந்திருக்கிறது என்று மதிப்பிட்டார்கள். அப்படி மதிப்பிடப்பட்ட குரலுக்கும், அம்மருத்துவர்மேல் முன்பு வழக்குத் தொடரப்பட்டிருப்பதற்கும் தொடர்பு காணப்பட்டது. 2002 இல் வெளியான முடிவு இது. என் தந்தையாருக்கும் ஆங்கிலச் சொல் விளங்கவில்லை, குரல் விளங்கியிருக்கும்.

நம் நாட்டில் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சமீரா கோலி வழக்கில் 2008 சனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சோதனைக்கென மயக்கம் கொடுக்கப்பட்ட பெண் ஒருவரிடம், அவர் தாயாரின் சம்மதத்தை மட்டும் பெற்றுக் கருப்பையை எடுத்துவிட்டார்கள். சுயநினைவும் பகுத்தறியும் ஆற்றலும் உள்ள, வயது வந்த நோயாளியின் சம்மதத்தை அவரிடமே பெற வேண்டும், என்ன செய்யப் போகிறோம், என்ன தீங்கு நேரலாம், வேறு வழி உண்டா என்று அவருக்கு விளக்கிய பிறகே பெற வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். இதைப் படித்த அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் தந்தையார் மயக்கத்தில் இருக்கவில்லை. மூன்றடி தள்ளிப் படுக்கையில் உட்கார்ந்து எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியும்.

2019 முதல் இந்திய மருத்துவக் கல்லூரிகளில் இளநிலை மாணவர்களுக்கு மனப்பான்மை, அறநெறி, பேச்சுத் தொடர்பு ஆகியவற்றைத் தனிப் பாடமாகவே வைத்திருக்கிறார்கள். நல்லது. எங்கள் ஊரில் அன்று பார்த்த மருத்துவர் அதற்கு முன்னரே படித்து முடித்தவர். அவருக்கு எவரும் கற்றுத் தரவில்லை. வெளியே ஐம்பது பேர் காத்திருந்தார்கள். அவரைக் குறை கூறிவிட்டு என் பங்கை நான் கழுவிக்கொள்ள விரும்பவில்லை.

தமிழில் சொல்ல முடியாது என்பதும் பொருந்தாது. 1847 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் தமிழ் மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். ஆங்கில அறுவை மருத்துவ நூலொன்றை 1867 இல் 'இரண வைத்தியம்' என்ற பெயரில் தமிழாக்கினார். கடல் கடந்து வந்தவருக்குக் கிடைத்த சொல் எனக்குக் கிடைக்காமற் போனது எப்படி? 'அழுகிய சதையை வெட்டி எடுப்பார்கள். எலும்பும் கெட்டிருந்தால் அந்த விரலை அடிப்பாத எலும்போடு எடுப்பார்கள்.' எனக்குத் தெரியாத இரண்டு சொற்களுக்கும் பொருள் இவ்வளவே. எங்கள் பாட்டிக்கும் விளங்கும்.

தைத் திங்களில் மறுபரிசோதனைக்குப் போனோம். அதே மருத்துவர். ஊடுகதிர்ப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். எனக்கு உள்ளங்கை வியர்த்தது. "ஐயா, எனக்குப் புரியலைங்க. அப்பாவும் கேக்கணும்னு நெனைக்கிறாரு" என்றேன். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். கோபித்துக்கொள்வார் என்று எண்ணினேன். மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு, பின்புறத்தில் ஒரு பாதத்தை வரைந்தார். எடுத்த இரண்டு விரல்களைக் கோடிட்டு அடித்தார். இனிப் பாரம் எங்கே விழும், எந்த இடத்தில் மறுபடியும் கொப்புளம் வரலாம் என்று அங்கங்கே புள்ளி வைத்தார். நாற்காலியை இழுத்து என் தந்தையாரின் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

"தறியில எந்தக் கால் மிதிப்பீங்க?" என்று கேட்டார்.

"ரெண்டும்தானுங்க. இப்ப எடதை வச்சுத்தான் அதிகம் மிதிக்கிறேன்" என்றார் என் தந்தையார். பிறகு, இத்தனை வாரங்களாக என்னிடம் கேட்காத கேள்வி ஒவ்வொன்றையும் அவரிடம் கேட்டார். ஏழெட்டு நிமிடம் ஆகியிருக்கும். வெளியே கூட்டம் முணுமுணுத்தது.

வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில், படிவத்திற் கையெழுத்துப் போட்டது நான்தான் என்று அவரிடம் சொன்னேன். "தெரியும்டா" என்றார். அந்தச் சீட்டை இப்போது தறியின் மேல் விட்டத்தில் செருகி வைத்திருக்கிறார். மாலையில் வேலை முடிந்ததும் கண்ணாடியைக் கையிலெடுத்து, உள்ளங்காலைத் திருப்பி, புள்ளி வைத்த இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்கிறார்.